கழற்றிய சைலன்சர் எங்கே போகிறது?

இரவு ஒன்றரை மணிக்கு எங்கள் தெருவில் ஒரு மகாராஜா எழுந்தருளுகிறார். மகாராஜாக்களுக்குக் கட்டியக்காரன் முன்னால் வருவான். இவருக்குப் பின்னால் வருகிறான். காரின் பின் பம்பருக்குக் கீழே, சொம்பு வாய் அகலத்துக்கு ஒரு குழாய், அதுதான் கட்டியக்காரன். அரசரின் குலம், கோத்திரம், அவருடைய அப்பாவின் ஆண்டு வருமானம் எல்லாவற்றையும் மூன்று தெருவுக்குக் கேட்கும்படி அது முழங்குகிறது.

முதலில் தெருமுனை நாய் எழுந்து லாரிக்கு அடியில் போய்ப் பதுங்குகிறது. அனுபவசாலி நாய், அரைக் கிலோமீட்டர் தள்ளி வரும்போதே அதற்குத் தெரிந்துவிடும். அடுத்து, வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் கார்களின் அலாரம். அதிர்வு தாங்காமல் ஒன்று அலறும். எழவு வீட்டில் ஒரு குரல் எழுந்ததும் மற்றவை சேர்ந்துகொள்வதைப் போல மீதியும் சேர்ந்துகொள்ளும். அடுத்து மூன்றாம் மாடிக் குழந்தை. கடைசியாக எதிர்வீட்டுப் பெரியவர். நெஞ்சைப் பிளந்து தைத்து இருபது நாள்தான் ஆகிறது. விளக்கைப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொள்கிறார். ஊர்வலம் மொத்தம் பதினைந்து நொடி. மகாராஜா வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். குடிமக்கள் மூன்று மணி வரை விழித்திருக்கிறோம்.

ஆளை நேரில் பார்த்தால் சாது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். டீக்கடையில் "அங்கிள், நீங்க முதல்ல வாங்கிக்கோங்க" என்று வழிவிட்டான். கோபத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "தம்பி, வண்டிச் சத்தம் கொஞ்சம்..." என்று இழுத்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்களா அங்கிள்? ஃபுல் சிஸ்டம் மாத்திட்டேன். இப்ப பவர் வேற லெவல்!" என்றான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் அப்போது "நல்லா இருக்கு தம்பி" என்றேன். இந்த இடத்தை வாசகர் மறந்துவிட வேண்டாம். திரும்பவும் இங்கே வருவேன்.

பவர் என்று சொன்னானே, அந்தப் பவரைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 200 முறை உள்ளே நெருப்புப் பிடிக்கிறது. அந்த ஒவ்வொரு வெடிப்பின் புகையும் அழுத்தத்தோடு குழாய்க்குள் பாய்கிறது. எரிந்த பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாக இந்த வழியில்தான் வெளியே போகிறது. அப்படியே விட்டால் ஊர் தாங்காது என்றுதான் வழியில் சைலன்சர் என்ற டப்பாவை வைத்தார்கள். உள்ளே அறைகள், துளையிட்ட குழாய்கள், சில சமயம் கண்ணாடிக் கம்பளி. ஓர் ஒலியலையின் மேட்டை இன்னோர் அலையின் பள்ளத்தில் போட்டு நிரவுகிற வேலை அங்கே நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் காருக்கு அடியில் தொங்கிக்கொண்டு, சேற்றையும் பள்ளத்தையும் வாங்கிக்கொண்டு, யாரிடமும் பாராட்டு கேட்காமல் வேலை செய்கிற பொருள் அது. நம் ஊரில் அப்படி வேலை செய்கிறவர்களை என்ன செய்வோமோ, அதையே அதற்கும் செய்கிறோம். முதலில் கழற்றுகிறோம்.

கழற்றினால் பவர் ஏறுமா? நியாயமாகச் சொல்ல வேண்டும். டர்போ எஞ்சினில், டர்போவை அடுத்து வரும் டவுன்பைப்பைப் பெரிதாக்கி, எஞ்சினின் கணினியையும் அதற்கேற்ப மாற்றி எழுதினால் பவர் ஏறும், கணிசமாகவே ஏறும். அது ஒரு கலை. அளந்து, வெட்டி, வெல்டு வைத்து, பவரை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலில் நான் விழத் தயார். ஆனால் நம் மகாராஜாவின் தேர், டர்போ இல்லாத 1.2 லிட்டர் குடும்ப வண்டி. கம்பெனி கொடுத்தது ஏறக்குறைய 90 குதிரை. அதில் பின்பக்க டப்பாவை மட்டும் மாற்றினால் ஒன்றிரண்டு குதிரை கூடலாம். அதுவும் முள் 5,000, 6,000 தொடுகிற இடத்தில். குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் புகையின் வேகம் குறையும். ஒரு வெடிப்பின் புகை அடுத்ததை இழுத்துக்கொண்டு போகும் வசதி கெடும். கீழ் சுற்றில் வண்டிக்கு இழுவை குறையும். சென்னையில் கார் ஓடுவது அந்தக் கீழ் சுற்றில்தான். ஆகவே வடபழனி சிக்னலில் பச்சை விழும்போது, மகாராஜா சிங்கம்போல் உறுமிக்கொண்டு நிற்கிறார். ஷேர் ஆட்டோ அவரைத் தாண்டிப் போய்விடுகிறது.

ஏறியது வேறு ஒன்று. இந்தியாவில் ஒரு காரை விற்பனைக்கு விடுமுன் சோதனையில் 74 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல். 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. 20 கூடி 94 ஆனால் 100 மடங்கு. எஞ்சினின் பவர் நூற்றுக்கு இரண்டு கூடியது. இரைச்சலின் பவர் நூறு மடங்கு கூடியது. முதல் கணக்கு அவனுக்கு. இரண்டாவது கணக்கு எங்களுக்கு. இதைத்தான் அவன் "ஃபுல் சிஸ்டம்" என்றான் போலிருக்கிறது. நம் நாட்டின் முழு சிஸ்டமும் இப்படித்தானே இயங்குகிறது!

விஷயத்தை வேரிலிருந்து அறியலாம் என்று, எனது பன்னிரண்டு வயது வேகன் ஆரை ஓட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். முகத்தில் டாக்டரின் இரக்கம்.

"பரவால்ல சார், சவுண்டு ஏத்திடலாம்."

"பவர் ஏறுமா?"

"ஃபீல் ஏறும் சார்."

நேர்மையான மனிதர். "கஸ்டமர் பவர்னு கேப்பாரு, நாங்க பவர்னு குடுப்போம். சவுண்டுதான்னு ரெண்டு பேருக்கும் தெரியும்" என்று விளக்கினார். பிறகு பட்டியல் வந்தது. ஃப்ரீ ஃப்ளோ ஒரு விலை. எல்லா டப்பாவையும் எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டால் ஒரு விலை. வால்வு வைத்தது வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. அது என்னவென்று கேட்டேன். சாவிக்கொத்து அளவுக்கு ஒரு ரிமோட்டை எடுத்துக் காட்டினார். ஒரு பட்டன் வால்வைத் திறக்கும், ஒரு பட்டன் மூடும். "செக்கிங் இருந்தா மூடிக்குங்க. பச்சப்புள்ள மாதிரி போகும். தாண்டுனதும் தொறந்துக்குங்க." நம் அரசியலில் பல பெரியவர்களுக்கு இயற்கையாகவே அமைந்த வசதி, இங்கே ரிமோட்டில் கிடைக்கிறது.

அட்டைப் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில், "பந்தயத் திடலில் மட்டுமே பயன்படுத்த" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. "இதுவரைக்கும் எத்தனை பேர் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலுக்கு எடுத்துட்டுப் போயிருப்பாங்க?" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். சிகரெட் பெட்டியில் புற்றுநோய்ப் படம் போட்டுவிட்டு உள்ளே சிகரெட்டை விற்கிற தேசத்தில் அட்டைப்பெட்டி மட்டும் எதற்கு உண்மை பேச வேண்டும்?

"பழைய சைலன்சரை என்ன பண்றது?"

"வெச்சுட்டுப் போங்க சார். மூணு வருஷத்துல எஃப்.சி. வருமில்ல? அன்னிக்குக் கொண்டாங்க, மாட்டிக் குடுக்குறோம். காட்டிட்டு வந்து கழட்டிக்கலாம்."

கடையின் பின்புறத்தைக் காட்டினார். சுவர் ஓரமாகக் கழற்றிய சைலன்சர்கள். ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் வண்டி எண். அடையாளத்தோடு கிடத்தி வைத்த பிணவறைபோல் இருந்தது. என்றோ ஒருநாள் அதிகாரி பார்க்கும்போது மட்டும் இவற்றுக்கு உயிர் வரும்.

அங்கே இன்னொரு மூலையில் கட்டையாகச் சில உருளைகள். அவை கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்கள். உள்ளே தேன்கூடு போன்ற அமைப்பில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். நச்சான கார்பன் மோனாக்சைடையும், எரியாத பெட்ரோலையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் வாங்கி, கூடியவரை தீமை குறைந்தவையாக மாற்றி அனுப்புகிற சமையலறை அது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 தரம் என்று நாடே கொண்டாடியதே, அந்தத் தரம் குடியிருக்கிற வீடு அதுதான். நம் இளைஞர் அதைக் கழற்றச் சொல்லிக் கூலியும் கொடுக்கிறார். பிளாட்டினத்தையும் விட்டுவிட்டுப் போகிறார். பழைய இரும்புக்காரரிடம் அதற்கு நல்ல விலை உண்டு. தங்கப் பல்லைப் பிடுங்கக் காசு கொடுத்து, பல்லையும் டாக்டரிடமே விட்டுவிட்டு, பொக்கை வாயோடு செல்ஃபி எடுத்துக்கொள்கிற சாமர்த்தியத்தை வேறு எந்தத் துறையிலும் நான் கண்டதில்லை.

கன்வெர்ட்டரை எடுத்ததும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், "ஐயா, இங்கே என்னமோ திருட்டு நடந்திருக்கிறது" என்று சொல்கிற விளக்கு அது. அந்தக் காரிலேயே மனசாட்சி உள்ள ஒரே உறுப்பு. உடனே ஒரு பையன் லேப்டாப்பை மாட்டி, அந்த விளக்கு எரியாதபடி எழுதிவிடுகிறான். காரின் வாயைத் திறந்துவிட்டார்கள். உண்மை சொன்னதன் வாயை அடைத்துவிட்டார்கள். அடையாளமாக இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி நாம் போகிற இடமெல்லாம் இதே வேலைதான்.

அதே லேப்டாப்பில் இன்னொரு வித்தையும் உண்டு. காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்ததும் எஞ்சினுக்குள் எரிய வேண்டிய பெட்ரோலைக் குழாய்க்குள் எரிய விடுவது. "டப், டப், டமால்" என்று வெடிக்கும். இதற்கு "பாப்ஸ் அண்ட் பேங்ஸ்" என்று பெயர். வெடிக்கிற ஒவ்வொன்றும் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல். வண்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தாத பெட்ரோல்.

இங்கேதான் எனக்குக் கோபம் பொங்குகிறது. தமிழ்நாட்டில் தீபாவளிப் பட்டாசுக்குக் காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்று அரசு நேரம் குறித்திருக்கிறது. ஆறு முதல் ஏழு. ஏழு முதல் எட்டு. அதைத் தாண்டி வெடித்தவர்கள் மேல் ஆண்டுதோறும் வழக்குப் போடுகிறது காவல்துறை. ஆண்டுக்கு ஒருநாள், சிவகாசிக்காரரின் உழைப்பைக் காசு கொடுத்து வாங்கி, எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு சரத்தைக் கொளுத்துகிறவன் குற்றவாளி. ஆண்டுக்கு 365 நாளும் நள்ளிரவில் பெட்ரோலைக் கொளுத்தி வெடிக்கிறவன் கார் பிரியன். தேர்தல் காலத்தில் பாருங்கள்: இரவு பத்து மணி அடித்ததும் எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும் மைக்கை அணைத்துவிட்டுக் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு போகிறார். நாட்டை ஆள்கிறவர்கள் பயப்படுகிற பத்து மணிக்கு, 1.2 லிட்டர் எஞ்சின் பயப்படுவதில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, மணிமணியாக இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி, ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் இருக்க வேண்டும், சத்தத்தை இயன்ற மட்டும் அது குறைக்க வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றாதே என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் ஒரு கேரள வழக்கில் அதையே அடித்துச் சொன்னது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 190(2) பிரிவின்படி, இரைச்சல், புகைத் தரங்களை மீறி ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு 3 மாதம் லைசென்ஸ் போகும். 194எஃப் பிரிவு, சைலன்சரைத் தவிர்த்து வேறு வழியில் புகையை விடுகிற கட்-அவுட்டையே பெயர் சொல்லி 1,000 ரூபாய் போடச் சொல்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் எல்லை என்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்.

ஆக, சட்டம் முழுதாக இருக்கிறது. இரண்டு எழுத்தைத்தான் மாற்றி வைத்திருக்கிறார்கள்: சட்டம் ஊமை, சத்தம் ஆட்சி.

புகைப் பரிசோதனைச் சான்றிதழ் என்று ஒன்று வாங்குகிறோமே, அது புகையைத்தான் பார்க்கும், சத்தத்தை அளக்காது. அந்தப் புகையையும் எந்த மூக்கால் முகர்கிறார்கள் என்பது, சான்றிதழ் வாங்கப் போன எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு தடவை போனபோது, வண்டியை ஸ்டார்ட் செய்யட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார், நம்பர் பிளேட் ஃபோட்டோ போதும்" என்றார். வண்டி பாஸ்.

சத்தத்தை அளக்க ஆளே இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் தொடங்கி 7 பெருநகரங்களில் 70 இடங்களில் இரைச்சல் கண்காணிப்புக் கருவிகளை வைத்தது. சென்னையில் 10. இருபத்து நான்கு மணி நேரமும் காது கொடுத்துக் கேட்கின்றன, எண்களைக் குறித்துக்கொள்கின்றன. அந்த எண்கள் எங்கோ ஓர் அட்டவணையில் போய்ப் படுத்துக்கொள்கின்றன. கேட்கக் காது உண்டு. சொல்ல வாய் கிடையாது. பாரிசில் 2022இல் சத்தத்துக்கென்று ரேடார் நட்டுச் சோதனை செய்தார்கள். எந்த வண்டி கத்தியது என்று கண்டுபிடித்து நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கிற கருவி. அந்த நகரின் ஒலிக் கண்காணிப்பு அமைப்பான ப்ரூயிபரிஃப், சைலன்சரை மாற்றிய ஒரே ஒரு ஸ்கூட்டர் இரவில் நகரைக் குறுக்கே கடந்தால் 10,000 பேரை எழுப்பிவிட முடியும் என்று கணக்குச் சொன்னது. ஒரு ஸ்கூட்டருக்கே அவ்வளவு! நம் மகாராஜாவின் மணிமகுடத்தில் எத்தனை ஆயிரம் பேரின் தூக்கம் பதிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

காவல் நிலையத்துக்கும் போனேன்.

"என்ன கம்ப்ளெய்ன்ட்?"

"சத்தம் சார்."

"கோயில் ஸ்பீக்கரா?"

"கார் சைலன்சர்."

பேனாவைக் கீழே வைத்தார். வண்டி எண்ணைச் சொன்னேன். எழுதியவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். குரல் தணிந்தது. "சின்னப் பசங்க சார். நம்மளும் அந்த வயசைத் தாண்டித்தானே வந்தோம்? ஜன்னலை மூடிட்டு ஏ.சி. போட்டுக்குங்க" என்றார். மனு ஏற்பு ரசீது ஒன்று கொடுத்தார்கள். அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தூக்கம் வராத இரவுகளில் எடுத்துப் படிப்பேன். செவிடன் காதில் ஊதிய சங்குக்கு ரசீது கொடுத்த முதல் நாகரிகம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

நடவடிக்கையே இல்லை என்று சொன்னால் பாவம். பல ஊர்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் பரப்பி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கிப் படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுக்கிறார்கள். பார்க்கக் கண்ணுக்கு இதம். ஆனால் அந்தப் படங்களை உற்றுப் பாருங்கள். நான் பார்த்த படங்களில் எல்லாமே பைக் சைலன்சர்கள். தவணையில் வாங்கிய பைக்கில் மூவாயிரம் ரூபாய்க் குழாயை மாட்டிய டெலிவரிப் பையனும், மெக்கானிக் மகனும்தான் ரோலருக்கு அடியில் போகிறார்கள். அவர்கள் செய்ததும் தப்புதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லட்ச ரூபாய்க் குழாயை மாட்டிய கார், அந்த ரோலரை ஓரமாகச் சுற்றிக்கொண்டு, ரிமோட்டில் வால்வை மூடிக்கொண்டு, பச்சைப் பிள்ளையாகப் போகிறது. ரோலருக்கும் தெரியும், எதன்மேல் ஏறலாம், எதன்மேல் ஏறக் கூடாது என்று.

இந்த டப்பாவுக்கு ஒரு குடும்பக் கதை உண்டு. ஹைரம் மேக்சிம் என்பவர் 1884இல் தானியங்கி இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கினார். காலனி நாட்டு மக்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்த துப்பாக்கி. அதன் சத்தத்தோடே வாழ்ந்து அவருக்குக் காது போய்விட்டது. அவருடைய மகன் ஹைரம் பெர்சி மேக்சிம்தான் துப்பாக்கிக்கு சைலன்சர் கண்டுபிடித்து 1909இல் காப்புரிமை பெற்றவர். அப்பன் சத்தத்தைச் செய்தான். மகன் அதை அடக்கினான். எங்கள் தெருவில் இந்தக் கதை தலைகீழாக நடக்கிறது. அப்பன் சைலன்சரோடு கார் வாங்கிக் கொடுக்கிறான். மகன் அதைக் கழற்றுகிறான். அப்பனுக்கு மட்டும் இன்னும் காது கேட்கவில்லை.

உண்மையான வேகத்தை விரும்புகிறவர்களுக்கு இந்த ஊரில் இடம் இல்லாமல் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1990லிருந்து பந்தயத் திடல் இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன்தான் 2005இல் ஃபார்முலா ஒன்னில் வண்டி ஓட்டிய முதல் இந்தியர். அவர்களிடம் போய்ப் பாருங்கள். நொடியில் ஒரு பங்கைக் குறைக்க ஒரு வாரம் உழைப்பார்கள். அவர்களுக்குச் சத்தம் என்பது வேகத்தின் கழிவு. நம் ஆளுக்கு அதுவே விருந்து. அமெரிக்காவின் லகுனா செகா என்ற புகழ்பெற்ற பந்தயத் திடலில், பெரும்பாலான நாட்களில் 90 டெசிபலைத் தாண்டும் வண்டியை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பந்தயத் திடலுக்கே அக்கம்பக்கம் உண்டு என்ற நினைப்பு அங்கே இருக்கிறது. இங்கே அக்கம்பக்கமே பந்தயத் திடல்.

இந்தச் சத்த ஆசை யாருக்கு வருகிறது? கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஓர் உளவியல் ஆய்வாளர் 500க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, 2023இல் முடிவை வெளியிட்டார். சத்தமான காரை விரும்புவது ஆண்களிடம் அதிகம். அதோடு, பிறர் துன்பத்தை ரசிக்கும் மனப்போக்கும், இரக்கமற்ற மனப்போக்கும் எவரிடம் கூடுதலோ அவர்களிடம் அந்த விருப்பமும் கூடுதல் என்றது ஆய்வு. இதற்குப் பல்கலைக்கழகம் வரை போயிருக்க வேண்டாம். "குறைகுடம் கூத்தாடும்" என்று எங்கள் பாட்டி ஒரு டெசிபல்கூட உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

மின்சாரக் கார் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறீர்களா? 2024 நவம்பரில் மஹிந்திரா தன் மின்சாரக் கார்களைச் சென்னையில் அறிமுகம் செய்தபோது, அவற்றின் ஒலிகளுக்கு ஏ.ஆர். ரகுமானைக் கூப்பிட்டது. அதுவாவது பரவாயில்லை. அமெரிக்காவின் டாட்ஜ் கம்பெனி, புகையே விடாத தன் மின்சாரக் காருக்குச் செயற்கை எக்ஸாஸ்ட் அறை செய்து, 126 டெசிபல் வரை உறுமும் என்று பெருமையாக அறிவித்தது. எஞ்சின் இல்லை, புகை இல்லை, சைலன்சருக்கு வேலையே இல்லை. உறுமல் மட்டும் மிச்சம். நோய் காரில் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, தலைப்பில் ஒரு கேள்வி கேட்டேன். கழற்றிய சைலன்சர் எங்கே போகிறது?

கடையின் பின்சுவரில் சாக்பீஸ் எண்ணோடு கிடப்பது வெறும் தகர டப்பா. அசல் சைலன்சர்கள் ஊருக்குள் வந்துவிட்டன. ஒன்று, பேனாவைக் கீழே வைத்தவரின் வாயில் மாட்டியிருக்கிறது. ஒன்று, நம்பர் பிளேட் போட்டோவுக்குப் புகைச் சான்றிதழ் கொடுத்தவரிடம் இருக்கிறது. பத்து, கேட்டும் சொல்லாத அந்தப் பத்துக் கருவிகளில் இருக்கின்றன. ஒன்று அவனுடைய அப்பாவிடம். ஒன்று எங்கள் குடியிருப்போர் சங்கத்திடம். "பெரிய இடம் சார், நமக்கேன் வம்பு" என்று தீர்மானம் போடாமலேயே கலைந்த சங்கம். இன்னொன்று, பெரியது, அசல் கம்பெனி சாமான், எனக்குப் பொருந்தியிருக்கிறது. டீக்கடையில் நின்று "நல்லா இருக்கு தம்பி" என்றேனே, அன்று மாட்டியது.

அவன் உறுமுவதற்கு எஞ்சின் காரணமில்லை. நாங்கள் இவ்வளவு பேர் மாட்டிக்கொண்டதால்தான் அவனால் கழற்ற முடிந்தது.

இன்று என்னுடையதைக் கழற்றுகிறேன். தம்பி, உன் வண்டி நன்றாக இல்லை. அதில் பவர் இல்லை, உனக்கும் இல்லை. இருப்பது, கேட்பார் இல்லை என்ற தைரியம் மட்டும்தான். எதிர்வீட்டுப் பெரியவர் நேற்று இரவும் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

காவல்துறைக்கு: இடம் எங்கள் தெரு. நேரம் இரவு ஒன்றரை. பிரிவு 190(2). வண்டி எண் உங்கள் ரசீதிலேயே இருக்கிறது. ரோலர் வேண்டாம், ஓர் ஆள் வந்து நின்றால் போதும்.